லேபிள் அடிக்கக் கொடுக்கும் முன் பெயரைத் தேடிப் பாருங்கள்

லேபிள் அச்சாகிவிட்டது, பெட்டி வந்துவிட்டது, சரக்கும் கடைகளுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் "இந்தப் பெயரை ட்ரேட்மார்க் பண்ணணும்" என்று எங்கள் அலுவலகத்துக்கு வருகிறார்கள். வணிகக்குறி (ட்ரேட்மார்க்) பதிவேட்டில் தேடினால் அதே பெயர், அதே வகைச் சரக்குக்கு, வேறொருவர் கையில் பல வருடங்களாக இருக்கிறது. "யாருமே சொல்லலையே" என்கிறார்கள். வாரம் தவறாமல் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு நாள் உட்கார்ந்து தேடியிருந்தால் இந்த நஷ்டம் வந்தே இருக்காது.

அவர்கள் மேசையில் எடுத்து வைக்கும் முதல் காகிதம் கம்பெனிப் பதிவுச் சான்றிதழ். "பெயரை அரசாங்கமே கொடுத்திருக்கே!" கொடுத்தது உண்மைதான், ஆனால் எதற்குக் கொடுத்தது? அந்தப் பெயரில் ஒரு நிறுவனமாக இயங்க. அதைச் சோப்பின் மேலோ சட்டையின் மேலோ போட்டு விற்கும் உரிமை அந்தச் சான்றிதழில் இல்லை. டொமைன் எனப்படும் இணைய முகவரியும் அப்படித்தான். விற்கிறவர் அந்த முகவரி காலியா என்று மட்டும் பார்ப்பார், அதற்குமேல் எதையும் பார்க்க மாட்டார். சமூக ஊடகப் பக்கம், வரிப் பதிவு, தொழில் உரிமம், அந்தப் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கு, எதுவுமே பிராண்டின் மேல் உரிமை தராது. பிராண்டின் உரிமைக்கு வணிகக்குறிப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். பல நாடுகளில், பதிவே செய்யாமல் முன்பிருந்தே அந்தப் பெயரில் விற்று வருபவருக்கும் உரிமை உண்டு. பத்து நிமிடத்தில் டொமைன் கிடைத்ததை வைத்துக்கொண்டு பெயர் காலி என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்த சமாதானம், "ஸ்பெல்லிங்கை மாத்திட்டேனே!" இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எண்ணி யாரும் ஒப்பிடுவதில்லை. பதிவு அலுவலகமும் நீதிமன்றமும் பார்வை, ஒலி, பொருள் மூன்றையும் பார்க்கும். அதுவும் அரைகுறையாக நினைவு வைத்திருக்கும் சாதாரண வாடிக்கையாளர் குழம்புவாரா என்ற கண்ணோட்டத்தில். பெயரின் தொடக்கம்தான் மனதில் அதிகம் நிற்கும் என்பதால், கடைசியில் ஓர் எழுத்தைக் கூட்டிக் குறைப்பது பெரும்பாலும் உதவாது.

தமிழில் விற்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டு வேறு எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள், தமிழ் லேபிளில் ஒரே 'ப' ஆகிவிடும். ட, க இரண்டுக்கும் இதே கதைதான். தொலைபேசியில் ஆர்டர் கொடுப்பவர் "எந்த பி? பேப்பர் பி-யா, பஸ் பி-யா?" என்று கேட்கும் பெயரை எதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்? ஐந்து பேரிடம் போனில் பெயரை ஒரே ஒருமுறை சொல்லி, எழுதி அனுப்பச் சொல்லுங்கள். மூன்று பேர் மூன்று விதமாக எழுதினால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள்.

இனி, பெயரின் தன்மை. சரக்கின் பெயரையே வைத்தால் அது யாருக்கும் சொந்தமாகாது. 'தூய', 'சிறந்த', 'இயற்கை' என்று குணத்தைச் சொல்லும் பெயர்களும் பலவீனமானவை, ஏனென்றால் அந்தச் சொற்கள் போட்டியாளருக்கும் தேவை. அதையே வேறு மொழியில் சொன்னால் தப்பிக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். பல நாட்டு அலுவலகங்கள் மொழிபெயர்த்துப் பொருளைப் பார்க்கின்றன. சரக்கோடு சம்பந்தமில்லாத சொல் வலுவானது. கணினிக்கு 'ஆப்பிள்' அப்படித்தான், அதையே பழக்கடைக்கு வைத்தால் ஒன்றும் நிற்காது. எல்லாவற்றிலும் வலுவானது புதிதாக உருவாக்கிய சொல். 1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் பதிவு செய்த 'கோடாக்' எந்த மொழியிலும் பொருளில்லாத சொல். விளம்பரக்காரர்களுக்கு இது பிடிக்காது, "பெயரைப் பார்த்ததுமே சரக்கு புரியணும்" என்பார்கள். சரக்கை விளக்க லேபிளில் இரண்டாம் வரி இருக்கிறது.

எந்தச் சரக்குக்கு, எந்தச் சேவைக்குப் பெயர் என்று வகுப்பு பிரித்துத்தான் பதிவு செய்வார்கள். அதற்கான சர்வதேசப் பட்டியலான நைஸ் வகைப்பாட்டில் மொத்தம் 45 வகுப்புகள். 1 முதல் 34 வரை சரக்குகள், 35 முதல் 45 வரை சேவைகள். சோப்பும் அழகுசாதனமும் 3, நகை 14, தோல் பை 18, ஆடை 25. உங்கள் வகுப்பை மட்டும் தேடிவிட்டு நிறுத்தாதீர்கள். ஆடைக்குத் தேடினால் 14, 18, 24, சில்லறை விற்பனைக்கான 35 எல்லாவற்றையும் பாருங்கள். வேறு துறை என்பதும் நிரந்தரப் பாதுகாப்பு இல்லை. பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஆப்பிள் கோர், ஆப்பிள் கம்ப்யூட்டர் மீது 1978-இல் வழக்குப் போட்டது. இசைப்பக்கம் வர மாட்டோம் என்று 1981-இல் சமரசம் ஆயிற்று. பிறகு கணினியே இசைக்குள் நுழைந்ததால் சண்டை மறுபடி மறுபடி கிளம்பி, 2007-இல்தான் தீர்ந்தது.

தேடும் முறைக்கு வருவோம். 'கிஸாரா' என்று ஒரு கற்பனைப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் கே, க்யூ, கேஎச் என்று தொடக்கத்தை மாற்றி, நடுவில் எஸ், இரட்டை எஸ், ஸெட் போட்டு, உயிரெழுத்தை ஒற்றையாகவும் இரட்டையாகவும் எழுதி, கிடைக்கும் எல்லா வடிவங்களையும் தாளில் குறியுங்கள். 'சோப்ஸ்', 'ஸ்டூடியோ' போன்ற பொதுச்சொல் ஒட்டியிருந்தால் வெட்டிவிடுங்கள். ஒவ்வொரு வடிவத்தையும் 'இதில் தொடங்குவது', 'இதை உள்ளடக்கியது', 'ஒலி ஒத்தது' என்று மூன்று விதமாகத் தேட வேண்டும். முதலில் உங்கள் நாட்டுப் பதிவேடு, பிறகு வைப்போ எனப்படும் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் இலவசத் தரவுத்தளம், பிறகு ஆன்லைன் கடைகளும் ஆப் ஸ்டோர்களும். காலாவதியான பதிவைக் கண்டு சந்தோஷப்படாதீர்கள், அதன் உரிமையாளர் இன்னும் விற்றுக்கொண்டிருக்கலாம்.

மருந்து, சத்து மாத்திரை விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. '-பிரசோல்', '-வாஸ்டாட்டின்' போன்ற விகுதிகள் உலக சுகாதார நிறுவனத்தின் பொது மருந்துப்பெயர்களுக்கு உரியவை. அவற்றிலிருந்து பிராண்ட் பெயர் செய்யாதீர்கள்.

ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு தேட வராதீர்கள், ஐந்தோடு வாருங்கள். முதலில் வெறும் எழுத்தாகப் பதிவு கேளுங்கள், லோகோ மாறினாலும் அது நிற்கும். லோகோ வரைந்தவரிடம் உரிமையை எழுத்தில் வாங்குங்கள். காசு கொடுத்தாலே லோகோ உங்களுடையது ஆகிவிடாது. விண்ணப்பம் கூட்டாளி பெயரிலா, நிறுவனத்தின் பெயரிலா என்பதைக் கூட்டாளிகள் நல்ல உறவில் இருக்கும்போதே பேசி முடிவு செய்யுங்கள். பதிவாகும் முன் பதிவான குறி என்று காட்டும் வட்டத்துக்குள் 'ஆர்' (®) போடாதீர்கள், பல நாடுகளில் அது குற்றம். வெளிநாட்டுக்கும் போகும் எண்ணமிருந்தால் முதல் விண்ணப்பத்திலிருந்து 6 மாதம் பாரிஸ் உடன்படிக்கையின் முன்னுரிமை உண்டு, அதாவது அதற்குள் உடன்படிக்கையில் உள்ள மற்ற நாடுகளில் விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்தின் தேதியே கணக்கில் எடுக்கப்படும். அதைத் தவறவிடாதீர்கள்.

தயவுசெய்து ஒரு கோப்பு போட்டு வையுங்கள். அந்தப் பெயரில் போட்ட முதல் பில், அச்சகத்தின் ரசீது, தேதியோடு முதல் விளம்பரம், லேபிள் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு பிரதி. அந்தப் பெயர் தங்களுடையது என்று யாரிடமிருந்தாவது நோட்டீஸ் வந்தால் எதிர்த்தரப்புக்குப் போன் போட்டுப் பேசாதீர்கள். பதில் தரக் கடைசித் தேதியைக் குறித்துக்கொண்டு, புதிய அச்சு ஆர்டரை நிறுத்திவிட்டு, அந்தக் கோப்போடு வாருங்கள்.