நாலு வயதுப் பிள்ளைக்கு ஞானம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள்

விஜயதசமி முடிந்து மூன்று வாரம் ஆகிறது. கும்பகோணத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் இந்த நாட்களில் வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றையேதான் கேட்கிறார்கள். "டீச்சர், குழந்தைக்குச் சங்கீத ஞானம் இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்களேன்." போன செவ்வாய்க்கிழமை ஒரு அம்மாவிடம் குரலை உயர்த்தியே பேசிவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாபநாசம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்கள். அம்மா, அப்பாயி, நாலரை வயதுப் பெண் குழந்தை. நான் சுருதிப் பெட்டியைப் போட்டதுமே "ஸா பாடு" என்று அம்மா அதட்டினார். குழந்தை எங்கேயோ ஒரு இடத்தில் 'ஸா' என்றது. "பார்த்தீங்களா, சுருதியோட சேரவே மாட்டேங்குது. வீட்லயும் இப்படித்தான்" என்று குழந்தை எதிரிலேயே சொன்னார். அது பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

காது வேறு, தொண்டை வேறு. இதை எத்தனை முறை சொல்வது? கேட்டதை அப்படியே திருப்பிப் பாடத் தொண்டைக்குப் பழக்கம் வேண்டும். பல பிள்ளைகளுக்கு ஏழு, எட்டு வயதில்தான் சுருதியில் நிற்க வருகிறது, சிலருக்கு அதற்கும் மேலே ஆகிறது. நாலு வயதில் சுருதி விலகினால் ஞானம் இல்லை என்று அர்த்தமே இல்லை. பத்து மாதப் பிள்ளை பேசவில்லையே என்று யாராவது கவலைப்படுகிறோமா? அதுவரை நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று நமக்குத் தெரியும். பாட்டுக்கு மட்டும் அந்தப் பொறுமை ஏன் இல்லாமல் போகிறது? இன்னொன்றும் விசாரித்தேன். வீட்டில் அப்பா பாடும் 'ஒரு கட்டை' என்கிற தாழ்ந்த சுருதியை வைத்துத்தான் குழந்தையையும் பாடச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வயதுக்கு அதைவிட உயர்ந்த ஐந்து, ஐந்தரை கட்டைதான் பெரும்பாலும் வாகாக இருக்கும். அப்பாவின் சுருதியில் நிற்க முடியவில்லை என்பது பிள்ளையின் குற்றமா?

சரி, தண்ணீர் கொடுப்போம் என்று உள்ளே போய்விட்டுத் திரும்பினேன். அம்மா வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். அப்பாயி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ முனகிக்கொண்டிருந்தார். நடவுப் பாட்டு. குழந்தை அவர் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு தட்டுகூட விலகவில்லை. என்னைப் பார்த்ததும் அப்பாயி வெட்கப்பட்டு அடியின் நடுவிலேயே நிறுத்திவிட்டார். குழந்தையின் கை இறங்காமல் அந்தரத்திலேயே நின்றது, அடுத்த வார்த்தைக்காக.

"எனக்கென்னம்மா பாட்டு தெரியும், நடவுக்குப் போனப்ப பாடுனதுதான்" என்றார் அப்பாயி. இந்த டெல்டாவில் எத்தனை வீட்டில் இப்படி ஒரு அப்பாயி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! நடவு மிஷின் வந்தபிறகு வயலிலும் அந்தப் பாட்டு இல்லை. வீட்டில் போன்தான் பாடுகிறது.

"பாட்டுத்தானே டீச்சர் கேக்குது" என்கிறார்கள். இல்லை, திரையில் ஓடும் பொம்மைப் படத்தைப் பார்க்கிறது. சந்தேகமிருந்தால் போனைக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள், அரை நிமிடத்தில் ஓடிவிடும். இரண்டிலிருந்து நாலு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. ஒரே ஒரு பாட்டைப் போடுங்கள். ஐந்து நிமிடம் போதும். பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். என்ன ராகம் என்று கேட்டுப் பரீட்சை வைக்காதீர்கள். நாளைக்கும் அதே பாட்டைப் போடுங்கள், பிள்ளைகளுக்கு அலுக்காது.

ஹெட்போன் வேண்டவே வேண்டாம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் பெரியவர்களுக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 என்பதுதான் எல்லை. பிள்ளை காதில் மாட்டியிருப்பது பக்கத்தில் இருக்கும் உங்களுக்கே கேட்டால் உடனே கழற்றுங்கள். கோயிலுக்குக் கூட்டிப்போனால் தவிலுக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள், பிராகாரத்தில் தள்ளி நின்று கேட்கட்டும். அது காதைப் பொத்திக்கொண்டால் தயவுசெய்து கையைப் பிடித்து இழுக்காதீர்கள். சத்தம் வலிக்கிறது, அவ்வளவுதான்.

நமக்கு இருக்கிற வசதி வேறு ஊர்க்காரர்களுக்குக் கிடையாது. மாயவரம் போகிற வழியில் ஆடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை இருக்கிறது. இடித்த பழைய வீடுகளிலிருந்து வாங்கிய ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிறார்கள், 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. உத்தரமாக இருந்த கட்டை பாடுவதைப் பிள்ளை ஒருமுறை பார்க்கட்டும். தை மாத வாக்கில் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை வரும். அங்கே எல்லோரும் சேர்ந்து பாடும் அவருடைய பஞ்சரத்னக் கீர்த்தனைகள் ஐந்தையும் கேட்டே ஆகவேண்டும் என்று நாலு வயதை அடக்கி உட்கார வைக்காதீர்கள். முதலில் வரும் நாட்டை ராகக் கீர்த்தனையைப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேளுங்கள், அப்புறம் காவேரிக் கரைக்குக் கூட்டிப்போய் விளையாட விடுங்கள்.

அந்த அம்மாவிடம் பிறகு தணிவாகவே பேசினேன். இரண்டு வருடம் கழித்துக் கூட்டிவாருங்கள், நானே சொல்லித்தருகிறேன் என்றேன். அதுவரை விளக்கு வைத்த பிறகு போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு அப்பாயியைப் பாடச் சொல்லுங்கள், குழந்தை எதிரில் "சேரவில்லை" என்ற வார்த்தை மட்டும் வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

அப்பாயியைத் தனியாக அழைத்து, யார் வந்தாலும் பாட்டைப் பாதியில் நிறுத்தாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.