‘இது பற்றி ஆய்வே இல்லை’ என்று எழுதும் முன்

செவிலியர் கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பதால் எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேடுகள் பைண்டிங்குக்குப் போகும் முன் பெரும்பாலும் என் மேசைக்கு வந்துவிடும். இரண்டாவது அத்தியாயத்தில், அதாவது முன்பு நடந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ரிவ்யூ ஆஃப் லிட்ரேச்சரில், ஒரு வரி மட்டும் வருஷா வருஷம் மாறுவதே இல்லை. ‘இந்தத் தலைப்பில் போதுமான ஆய்வுகள் நடைபெறவில்லை.’ எங்கே தேடினீர்கள் என்று கேட்டால் “கூகுள்ல பாத்தேன் மேடம்” என்பார்கள். என்ன சொல் போட்டுத் தேடினீர்கள் என்று கேட்டால் ஆய்வேட்டின் முழுத் தலைப்பையும் அப்படியே அடித்துக் காட்டுவார்கள். இருபது சொல் கொண்ட தலைப்பு அது. அப்படித் தேடினால் எதுவும் வராதுதான்.

இதில் மாணவிகளைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. ஊசி போடுவதற்கும் டிரெஸ்ஸிங் செய்வதற்கும் கைபிடித்துக் கற்றுக்கொடுக்கிறோம். தேடுவதற்கு அப்படிக் கற்றுக்கொடுப்பதில்லை. அது தானாக வந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

தேடல் சரியில்லை என்றால் என்ன ஆகிவிடும், மதிப்பெண் கொஞ்சம் குறையும், அவ்வளவுதானே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 2001இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்ததை. ஆஸ்துமா தொடர்பான ஓர் ஆய்வுக்காக ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சு வழியாகக் கொடுத்தார்கள். அதை இழுத்த 24 வயதுப் பெண் ஒருவருக்கு இருமல் தொடங்கியது. நுரையீரல் செயலிழந்து, ஜூன் 2ஆம் தேதி இறந்துபோனார். அந்த மருந்து நுரையீரலைப் பாதிக்கக்கூடும் என்று 1950களிலேயே மருத்துவ இதழ்களில் கட்டுரைகள் வந்திருந்தன. ஆய்வுக்கு முன் மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையத் தரவுத்தளமான பப்மெடில் தேடத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அன்றைய பப்மெட் 1966க்கு முந்தைய கட்டுரைகளைக் காட்டாது. அந்த முந்தையவை இண்டெக்ஸ் மெடிகஸ் என்ற அச்சிட்ட கட்டுரை அட்டவணைத் தொகுதிகளில் இருந்தன, நூலக அலமாரியில். அடுத்த மாதம் அமெரிக்க அரசு அந்தப் பல்கலைக்கழகத்தில் கூட்டாட்சி நிதியில் நடந்த மனித ஆய்வுகள் அநேகமாக எல்லாவற்றையும் சில நாள் நிறுத்திவைத்தது. மருத்துவ நூலகர்கள் இன்றுவரை இதை வகுப்பில் சொல்கிறோம். இன்னின்ன இடத்தில் தேடினேன், கிடைக்கவில்லை என்பது வேறு, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் ஓர் உயிர் போயிருக்கிறது.

சரி, எப்படித் தேடுவது? நம் வார்டிலிருந்தே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் பெட்சோர், அதாவது படுக்கைப்புண், வரும் என்று முதல் வருஷத்திலேயே படிக்கிறோம். ஒரு ஸ்டாஃப் நர்ஸ் முப்பது பேரைப் பார்க்கும் வார்டில் இது நடக்கிற காரியமா? மூன்று மணி நேரத்துக்கோ நான்கு மணி நேரத்துக்கோ ஒருமுறை திருப்பினால் போதாதா? நல்ல ஆய்வுக் கேள்வி இது.

பிகோ என்ற சட்டகத்தை வகுப்பில் படித்திருப்பீர்கள். யார், என்ன செய்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், என்ன விளைவைப் பார்க்கிறோம். இங்கே யார் என்றால் படுக்கையில் இருக்கும் பெரியவர்கள், செய்வது நிலைமாற்றுதல், ஒப்பீடு நேர இடைவெளி, விளைவு படுக்கைப்புண். ஆனால் நான்கையும் தேடல் பெட்டியில் போட வேண்டிய அவசியமில்லை. படுக்கைப்புண், நிலைமாற்றுதல் என்ற இரண்டு கருத்துகளை மட்டும் முதலில் எடுங்கள். கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு கருத்தும் நல்ல கட்டுரைகள் சிலவற்றை வெளியே தள்ளிவிடும்.

இப்போது முதல் கருத்தைப் பாருங்கள். ஒரே புண்ணுக்கு எத்தனை பெயர்! பெட்சோர், பிரஷர் சோர், பிரஷர் அல்சர், டெக்யூபிடஸ் அல்சர். 2016இல் படுக்கைப்புண்ணுக்கான அமெரிக்க ஆலோசனைக் குழு பெயரை பிரஷர் இஞ்சுரி என்று மாற்றியது. எனவே இந்தப் பத்தாண்டுக் கட்டுரைகள் பலவற்றில் அந்தப் பெயர்தான் இருக்கும். பெட்சோர் என்று மட்டும் தேடும் மாணவிக்குக் கிடைப்பதைவிடத் தவறிப்போவதே அதிகம்.

இந்தச் சிக்கலுக்காகவே அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960இல் மெஷ் என்ற தலைப்புச்சொல் பட்டியலை உருவாக்கியது. கட்டுரையாளர் எந்தப் பெயரைப் பயன்படுத்தினாலும், கட்டுரை எதைப் பற்றியதோ அதற்குரிய மெஷ் சொல்லை அதற்குச் சூட்டிவிடுவார்கள். பெட்சோர் என்று எழுதிய கட்டுரையும் டெக்யூபிடஸ் என்று எழுதிய கட்டுரையும் பிரஷர் அல்சர் என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்து சேரும். நிலைமாற்றுதலுக்கு பேஷண்ட் பொசிஷனிங் என்ற மெஷ் சொல் இருக்கிறது. மார்பகப் புற்றுநோயைத் தேடுபவர்கள் பிரெஸ்ட் நியோபிளாசம்ஸ் என்ற சொல்லைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பப்மெடின் முகப்பிலேயே மெஷ் தரவுத்தளத்துக்கு இணைப்பு உண்டு. உங்கள் சொல்லை அங்கே போட்டால் அதற்கான மெஷ் சொல்லும் அதன் மாற்றுப் பெயர்களும் வரும். அந்த மாற்றுப் பெயர்களை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், உடனே தேவைப்படும்.

ஏன் என்றால் மெஷ் மட்டும் போதாது. பப்மெடில் இருக்கும் எல்லாக் கட்டுரைகளுக்கும் மெஷ் சொல் இருக்காது. பப்மெடின் முதன்மைப் பகுதியான மெட்லைனுக்குள் வராத இதழ்களின் கட்டுரைகள் அது இல்லாமலேயே இருக்கும். 2022 முதல் மெஷ் சூட்டும் வேலையை கணினிநிரலே செய்கிறது, அது தவறவிடுவதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு கருத்துக்கும் மெஷ் சொல், தலைப்பிலும் சுருக்கத்திலும் வரக்கூடிய சாதாரணச் சொற்கள் இரண்டையும் சேர்த்துத் தேட வேண்டும். ஒரே பொருள் தரும் சொற்களை ‘ஆர்’ (அல்லது) போட்டு இணைத்து ஓர் அடைப்புக்குள் வையுங்கள். அடுத்த கருத்தின் சொற்களை இன்னோர் அடைப்புக்குள் வையுங்கள். இரண்டு அடைப்புகளுக்கும் நடுவில் ‘ஆண்ட்’ (மற்றும்). இந்த மூன்று எழுத்து, இரண்டு எழுத்துச் சொற்களை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும். ‘நாட்’ (தவிர்) என்பதைத் தொடவே வேண்டாம் என்பேன். குழந்தைகள் வேண்டாம் என்று நாட் போட்டால், பெரியவர்கள் குழந்தைகள் இருவரையும் சேர்த்துப் பார்த்த நல்ல ஆய்வும் காணாமல் போய்விடும்.

சொல்லின் வேரை அடித்து நட்சத்திரக் குறி போட்டால் அந்த வேரில் தொடங்கும் எல்லாச் சொல்லும் வரும். நர்ஸ், நர்சஸ், நர்சிங் மூன்றுக்கும் ஒரே அடி. அப்புறம் எழுத்துக்கூட்டல். நாம் படித்தது பிரிட்டிஷ் ஆங்கிலம். அனீமியா, எடிமா, பீடியாட்ரிக் போன்ற சொற்களில் அமெரிக்கர்கள் ஓர் எழுத்தை விட்டுவிடுவார்கள். இரண்டு வடிவத்தையும் போடுங்கள்.

நான் அதிகம் வருத்தப்படுவது பப்மெட் முடிவுப் பக்கத்தின் இடதுபக்கம் இருக்கும் இரண்டு சின்னக் கட்டங்களைப் பற்றி. முதல் கட்டம், கடந்த ஐந்தாண்டு. ஆய்வுக்கு வழிகாட்டும் பல கைடுகள் ஐந்தாண்டுக்கு மேற்பட்டதைச் சேர்க்கவே கூடாது என்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவது என்ற பழக்கத்துக்கு முக்கிய ஆதாரமாகக் காட்டப்படுவது டோரின் நார்ட்டனும் உடன் ஆய்வாளர்களும் பிரிட்டனில் முதியோர் பராமரிப்பு பற்றிச் செய்து 1962இல் வெளியிட்ட ஆய்வு. படுக்கைப்புண் வரும் அபாயத்தை அளக்க நாம் வார்டில் பயன்படுத்தும் நார்ட்டன் ஸ்கேலும் அதிலிருந்து வந்ததுதான். ஐந்தாண்டுக் கட்டத்தைத் தட்டினால் இந்த வேர் தெரியாது. 2013இல் அமெரிக்கா, கனடா முதியோர் இல்லங்களில் இரண்டு, மூன்று, நான்கு மணி இடைவெளிகளை ஒப்பிட்டுச் செய்த டர்ன் என்ற பெரிய ஆய்வும் தெரியாது. புண் வருவதில் மூன்றுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று சொன்ன ஆய்வு அது.

ஆனால் அந்த ஆய்வின் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு நம் வார்டில் நான்கு மணி நேர இடைவெளிக்கு மாறிவிடக் கூடாது. அங்கே எல்லோரும் அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்திருந்தார்கள். நம் ஊரில் ரெக்ஸின் போட்ட தேங்காய்நார் மெத்தை. பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும் எந்த இடைவெளி சிறந்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றுதான் முடிக்கிறது. பாருங்கள், ஒழுங்காகத் தேடியதால் கிடைத்தது என்ன? நம் மெத்தையில், நம் ஆள்பற்றாக்குறையில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற உண்மையான இடைவெளி. ‘போதுமான ஆய்வுகள் இல்லை’ என்ற வரியை இப்போது தைரியமாக எழுதலாம், காரணத்தோடு.

இரண்டாவது கட்டம், இலவச முழுக் கட்டுரை. அதைத் தட்டியதும் பாதிக்கு மேல் மறைந்துபோவதைப் பலர் கவனிப்பதில்லை. காசு கட்ட வேண்டிய கட்டுரை என்பதால் அந்த ஆய்வு நடக்காததாகிவிடுமா? முதலில் எல்லாவற்றையும் கண்டுபிடியுங்கள், எப்படிப் பெறுவது என்பதை அப்புறம் பார்க்கலாம். முழுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரலில் இருக்கலாம். அன்பேவால் என்ற உலாவி நீட்சி சட்டப்படியான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் காட்டிக்கொடுக்கும். கட்டுரையாளருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போட்டால் பலர் அனுப்பிவைக்கிறார்கள். கல்லூரி, நூலகங்களின் பகிர்வு வலையமைப்பான டெல்நெட்டில் உறுப்பினர் என்றால் நூலகர் வழியாக வரவழைக்கலாம். 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. அரசுக் கல்லூரியில் படித்துக்கொண்டு இதைப் பயன்படுத்தாமல் இருக்காதீர்கள். முதற்கட்டத்தில் தனியார் கல்லூரிகளைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் செவிலியர் கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியார் என்னும்போது இது பெரிய குறை, விரைவில் சரிசெய்யப்பட வேண்டியது.

பப்மெட் ஒன்றே போதுமா என்றால் செவிலியத்துக்குப் போதாது. சினால் என்ற தரவுத்தளம் செவிலியத்துக்காகவே பிறந்தது. 1940களில் லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவமனை ஒன்றின் நூலகர் எலா கிராண்டல், தன்னிடம் வரும் நர்ஸ்களுக்காகச் செவிலியர் இதழ்களின் கட்டுரைகளை அட்டைகளில் குறித்துவைக்கத் தொடங்கினார். அது 1961இல் அச்சு அட்டவணையாக வெளிவந்து, பிறகு கணினிக்கு வந்தது. பப்மெடில் இல்லாத செவிலியர் இதழ்கள் அதில் உண்டு. நோயாளியின் அனுபவத்தை நேர்காணல் வழியாக ஆராயும் பண்புசார் ஆய்வுகளைத் தேட அதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியாது. சந்தா கட்டும் கல்லூரிகள் குறைவுதான். உங்கள் கல்லூரியில் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சந்தா கட்டியும் யாரும் திறக்காத கல்லூரிகளும் இருக்கின்றன.

காக்ரேன் நூலகத்தின் எளிய மொழிச் சுருக்கங்கள் இலவசம். பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. நோயாளியின் குடும்பத்துக்கு விளக்கும்போது கையில் வைத்துக்கொள்ள உதவும். நம் ஊர் ஆய்வுகளுக்கு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தைப் பாருங்கள். எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேடுகள் முழுதாகக் கிடைக்கின்றன. பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இந்தியப் பல்கலைக்கழகங்களின் இணையக் களஞ்சியம். தலைப்பு முடிவாகும் முன் இந்த இரண்டையும் பார்க்காத மாணவி, பக்கத்து மாவட்டத்தில் ஏற்கெனவே நடந்த ஆய்வை அப்படியே மறுபடி செய்ய நேரிடும். பார்ப்பது தெரிந்துகொள்ள மட்டும்தான். அதிலுள்ள ரிவ்யூ பகுதியை நகலெடுத்துப் போடுவதால்தான் ஒரே தவறான மேற்கோள் கல்லூரிக்குக் கல்லூரி சுற்றிக்கொண்டிருக்கிறது.

கூகுள் ஸ்காலரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போனது எதுவும் உண்டா என்று பார்க்க அது நல்லது. ஆனால் அதில் மெஷ் போன்ற ஏற்பாடு இல்லை. எவ்வளவு வந்ததாகச் சொன்னாலும் முதல் ஆயிரத்துக்கு மேல் காட்டாது. இன்று செய்த தேடலை அடுத்த மாதம் செய்தால் அதே முடிவு வரும் என்றும் சொல்ல முடியாது.

இரண்டு மூன்று வருஷமாகப் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. சாட்ஜிபிடி போன்ற செயலிகளிடம் கேட்டு வாங்கிய மேற்கோள்கள். ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு, பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும், தேடிப் பார்த்தால் அப்படி ஒரு கட்டுரையே இருக்காது. மாற்றுச் சொற்களை யோசிக்க அந்தச் செயலிகளைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. மேற்கோளை அதனிடம் கேட்காதீர்கள். பப்மெடில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பிஎம்ஐடி எண் உண்டு. அந்த எண்ணைப் போட்டுத் திறந்து உங்கள் கண்ணால் பார்க்காத எந்தக் கட்டுரையையும் பட்டியலில் சேர்க்க வேண்டாம். திறக்கும்போது இன்னொரு லாபம். கட்டுரை பின்னாளில் திரும்பப் பெறப்பட்டிருந்தால் பதிவின் மேலேயே அறிவிப்பு இருக்கும்.

தேடும்போதே ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி, எந்தச் சொற்றொடர், எத்தனை முடிவுகள், அதில் எத்தனை எடுத்தீர்கள், மற்றவற்றை ஏன் விட்டீர்கள். வைவாவில் இந்தப் பக்கத்தை நீட்டும் மாணவியிடம் தேர்வாளர்கள் கேள்வியே வேறு விதமாகக் கேட்கிறார்கள். பப்மெடில் இலவசக் கணக்கு தொடங்கித் தேடலைச் சேமித்துவைத்தால், புதிய கட்டுரை வரும்போது மின்னஞ்சல் வந்துவிடும். தரவு சேகரிக்கும் மாதங்களில் வெளியானவையும் அப்போது விட்டுப்போகாது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒருமுறை அதே தேடலை ஓட்டிப் பாருங்கள். தலைப்பை எத்திக்ஸ் கமிட்டிக்கு அனுப்பும் முன்பே உங்கள் நூலகரிடம் போய் உட்காருங்கள். கேள்வி ஒரு வரியில் இருந்தால் போதும், மற்றதைச் சேர்ந்து செய்யலாம்.