வெளிநாடு போகுமுன் பென்ஷன் பணத்தை எடுத்துவிடாதீர்கள்

திருப்பூர் பனியன் கம்பெனியிலோ கோவை பவுண்டரியிலோ எட்டு, ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் புறப்படுகிறவர்கள், விசாவுக்கும் ஏஜென்டுக்கும் பணம் புரட்டும் அவசரத்தில் பி.எஃப். கணக்கை அடியோடு முடித்துக்கொண்டு போகிறார்கள். ஊர் திரும்பி, 58 வயதில் ஓய்வூதிய விண்ணப்பம் எழுத என்னிடம் வந்து உட்காரும்போதுதான், எதை இழந்தோம் என்பது அவர்களுக்குத் தெரியவருகிறது.

பி.எஃப். கணக்கோடு சேர்ந்து வரும் 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்து ஆண்டுப் பணி வேண்டும். வளைகுடா, சிங்கப்பூர், மலேசியாவில் உழைத்த ஆண்டுகள் இந்தக் கணக்கில் சேராது. அங்கே உழைத்த ஆண்டுகளையும் சேர்க்க வழிசெய்யும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஜெர்மனி, ஜப்பான் போன்ற சில நாடுகளுடன் மட்டுமே இந்தியாவுக்கு இருக்கிறது. ஆனால் போவதற்கு முன் இங்கே சேர்ந்த ஆண்டுகள், நாமாக அழித்தாலொழிய அழிவதில்லை.

அழிப்பது, படிவம் 10சி போட்டு ஓய்வூதியப் பங்கைப் பணமாக எடுப்பது. பி.எஃப். தொகையை எடுக்கப் படிவம் 19 மட்டும் போதும். அதனால் ஓய்வூதியப் பணிக்காலம் குறையாது. ஆன்லைன் சென்டர்களில் கேட்காமலேயே இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். 10சி-யில் பணமாக எடுப்பது ஒரு வழி, செய்த பணி ஆண்டுகளைப் பிற்காலக் கணக்குக்குக் காத்துவைக்கும் ஸ்கீம் சர்டிபிகேட் என்னும் திட்டச் சான்றிதழ் கேட்பது மற்றொரு வழி. சான்றிதழைத்தான் கேளுங்கள். ஒன்பது ஆண்டு வேலை செய்து போனவர், திரும்பி வந்து நான்கு ஆண்டு வேலை செய்தால் மொத்தம் பதின்மூன்று ஆண்டு ஆகிறது. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளம் 14,000 ரூபாய் என்று கொண்டால், அதைப் பதின்மூன்றால் பெருக்கி 70 ஆல் வகுக்க மாதம் 2,600 ரூபாய் கிடைக்கும். முன்பே பணமாக எடுத்தவருக்கு அந்த நான்கு ஆண்டுதான் மிச்சம். அதற்கு மாத ஓய்வூதியமே கிடையாது.

பதிவுகளைச் சரிசெய்யாமல் விமானம் ஏறுவது அடுத்த பெருந்தவறு. ஆதாரில் ஒரு மாதிரியும் பி.எஃப். பதிவில் வேறு மாதிரியும் இனிஷியல் இருப்பது, பிறந்த தேதி மாறியிருப்பது, இரண்டு கம்பெனிகளில் இரண்டு யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினருக்கான நிரந்தர எண்) இருப்பது எல்லாம் இங்கே சாதாரணம். திருத்தக் கேட்டால் கம்பெனி, பி.எஃப். அலுவலகத்தைக் காட்டும்; அந்த அலுவலகம் கம்பெனிக் கையெழுத்தைக் கேட்கும். நான் பார்த்த ஒருவர் துபாயிலிருந்து திரும்பியபோது அவருடைய கம்பெனியே மூடப்பட்டிருந்தது, கையெழுத்துக்காக அவர் பல மாதம் அலைந்தார். ஒரு மனிதன் பாடுபட்டதற்குப் பதிவேட்டில் ஆதாரம் இருந்தும் அவனை இப்படி நடக்கவைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

வேலையை விட்ட தேதியைக் கம்பெனி பதியவில்லையென்றால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையதளத்தில் பதியலாம். அதற்கும் ஆதாருடன் இணைந்த கைபேசிக்கு ஓ.டி.பி. வர வேண்டும். வெளிநாடு போனபின் ரீசார்ஜ் செய்யாமல் அந்த எண்ணை இழந்தவர்கள், அதன் பிறகு அங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாமல் தவிக்கிறார்கள்; ஆகையால் அந்த எண்ணை வீட்டில் ஒருவர் உயிரோடு வைத்திருக்கட்டும்.

திரும்பி வந்து வேலையில் சேர்ந்த உடனே சான்றிதழைப் புதிய கம்பெனி வழியாக பி.எஃப். அலுவலகத்தில் ஒப்படையுங்கள். கொடுக்குமுன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு இல்லாமல் அசலைக் கையைவிட்டு விடாதீர்கள்.