இருபது வரை சொல்வாள், ஆறு எடுக்க வராது

என் அக்கா மகளுக்கு மூன்றரை வயது. எல்.கே.ஜி. சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் "ஒன்னு ரெண்டு சொல்லிக் காட்டு" என்பார்கள். அவளும் மூச்சு விடாமல் இருபது வரை போய்விடுவாள். அன்று பல்லாங்குழிக்காக எடுத்து வைத்திருந்த புளியங்கொட்டைக் கிண்ணத்தை நீட்டி, "ஆறு கொட்டை எடுத்துக் குடு" என்றேன். கை நிறைய அள்ளிக் கொடுத்தாள். "எண்ணிப் பாரு." ஒவ்வொன்றாகத் தொட்டுப் பதினொன்று வரை சரியாகவே எண்ணினாள். "இது ஆறா?" "ஆமா."

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. சுருங்கியிருக்க வேண்டியதில்லை. அந்த வயதுக் குழந்தைகளில் பலர் இப்படித்தான் செய்வார்கள்.

கேரன் வின் என்ற உளவியலாளர் 1990இல் வெளியிட்ட ஆய்வில் இருந்ததும் ஏறக்குறைய இதே சோதனைதான். ஒரு குவியல் பொம்மைகளைக் கொடுத்து "ஒன்று கொடு", "மூன்று கொடு", "ஐந்து கொடு" என்று கேட்பது. அதில் தெரியவந்தது வேடிக்கையானது. இரண்டரை வயது வாக்கில் குழந்தைக்கு "ஒன்று" மட்டும் பிடிபடுகிறது. இரண்டு கேட்டாலும் ஐந்து கேட்டாலும் ஒரு பிடிதான். சில மாதம் கழித்து "இரண்டு" வருகிறது. இன்னும் சில மாதத்தில் "மூன்று". இந்தக் காலம் முழுக்க வாய் பத்து வரை பாடிக்கொண்டுதான் இருக்கும். அப்புறம் மூன்றரை, நான்கு வயது வாக்கில் ஏதோ ஒன்று திறந்துகொள்கிறது. எண்ணும்போது கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தம் என்று புரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஐந்து, ஆறு, ஏழு என்று ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். எண்ணத் தெரிந்த வரைக்கும் எடுத்துக் கொடுத்துவிடும்.

அந்த இடத்துக்கு வராத குழந்தையிடம், எண்ணி முடித்ததும் "சரி, மொத்தம் எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது, திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். அதைப் பொறுத்தவரை "எத்தனை" என்பது எண்ணத் தொடங்கச் சொல்லும் கட்டளை.

இதில் அப்படியென்ன கஷ்டம்? குழந்தை அதுவரை கற்ற பெயர்களை யோசியுங்கள். விரலை நீட்டி "நாய்" என்றால் அது நாய்தான், நாளைக்கும் நாய்தான். மூன்றாவது கொட்டையைத் தொட்டு "மூணு" என்கிறோமே, அந்தக் கொட்டையின் பெயரா மூணு? வலப்பக்கத்திலிருந்து எண்ணினால் அதே கொட்டை ஒன்பது ஆகிவிடுகிறது. கடைசிச் சொல் மட்டும் திடீரென்று முழுக் குவியலுக்கும் உரியதாகிறது. பெரியவர்களுக்கு இது பழகிப்போனதால் விசித்திரம் தெரிவதில்லை.

போதாததற்கு நாக்கு விரலைவிட வேகமாக ஓடும். ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்ற ஒழுங்கு கைக்கு வர நாளாகும். பால்வாடியில் விதைகளை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போடச் சொல்லி எண்ண வைப்பதன் சூட்சுமம் அதுதான். கை ஒரு விதையை விட்டுவிட்டு அடுத்ததை எடுக்கும்வரை நாக்கும் காத்திருக்க வேண்டும்.

எண்ணிக்கையைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் குழந்தை பிறப்பதில்லை. ஆறு மாதக் குழந்தைகளுக்குப் புள்ளிகளைக் காட்டி 2000ஆம் ஆண்டு செய்த ஓர் ஆய்வில், எட்டுக்கும் பதினாறுக்கும் உள்ள வேறுபாட்டை அவை கண்டுகொண்டன. எட்டும் பன்னிரண்டும் அவற்றுக்கு ஒன்றுபோலவே பட்டன. மூன்று வரைக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரிவது, அதற்கு மேல் குத்துமதிப்பு: கைமுதல் இவ்வளவுதான். மிகச் சரியாக ஏழு என்பதைப் பிடிக்கச் சொல் வேண்டும்.

சொல் என்றதும் மொழி வந்துவிடுகிறது. சீனக் குழந்தைகளையும் அமெரிக்கக் குழந்தைகளையும் ஒப்பிட்டு 1995இல் வந்த ஆய்வில், பத்து வரை இரு தரப்பும் சமமாகவே சொன்னார்கள். அமெரிக்கக் குழந்தைகள் தடுமாறியது பத்தைத் தாண்டியதும். சீன மொழியில் பத்து-ஒன்று, பத்து-இரண்டு என்று போகிறது. ஆங்கிலத்தில் 'லெவன்', 'ட்வெல்வ்' என்பவற்றில் பத்தைத் தேடினாலும் கிடைக்காது. 'ஃபோர்ட்டீன்' நான்கை முன்னால் சொல்வதால், 14க்குப் பதில் 41 எழுதும் பிள்ளைகளும் உண்டு. தமிழ் இந்த விஷயத்தில் சீனத்தின் பக்கம். பதினொன்று, பதிமூன்று என்று பத்து முன்னாலேயே நிற்கிறது. நமக்குள்ள வம்பு வேறு இடத்தில்: எண்பத்தொன்பதுக்கு அடுத்து, நூறு வருவதற்கு முன்பே நூறைச் சுமந்துகொண்டு தொண்ணூறு வந்து நிற்கிறது! இத்தனை வசதியுள்ள மொழி வீட்டில் இருக்க, நர்சரியில் பல பிள்ளைகள் 'லெவன், ட்வெல்வ்' மட்டுமே மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு இது கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

பூஜ்யம் கடைசியில்தான் வசப்படும். 1939இல் சென்னைக்கு வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரி, அதற்கென்றே ஓர் ஏற்பாடு செய்திருந்தார். 0 முதல் 9 வரை எழுதிய பத்து அறைகள் கொண்ட பெட்டி, கூடவே 45 மரக்குச்சிகள். ஒன்றில் ஒரு குச்சி, இரண்டில் இரண்டு என்று போட்டுவந்தால் ஒன்பதாம் அறையோடு குச்சிகள் சரியாகத் தீர்ந்துவிடும். மிஞ்சினாலோ போதாவிட்டாலோ எங்கோ பிசகு என்று குழந்தைக்கே தெரியும், டீச்சர் திருத்த வேண்டியதில்லை. பூஜ்யத்தின் அறை மட்டும் கடைசிவரை காலியாக இருக்கும்.

அவர் சொல்லித்தந்த விளையாட்டு ஒன்றும் உண்டு: "பூஜ்யம் தடவை என்கிட்ட வா." எதுவும் செய்யாமல் நிற்பதுதான் சரியான விடை.

போன ஞாயிற்றுக்கிழமை இதை அக்கா மகளிடம் சொல்லிப் பார்த்தேன். ஓடி வந்து மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.