ஊசி போடுகிறவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் என்ன கிடைக்கும்?

போதைப்பொருளை ஊசியால் ஏற்றுகிறவர்களுக்கு அரசே புது ஊசி கொடுக்கும் திட்டம் இலங்கையில் இல்லை. இந்தியாவின் எயிட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அது பல காலமாக உண்டு. இங்கே ஊசியைப் பாமசியில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் பரிசோதனை, சிகிச்சை, அம்புலன்ஸ் மூன்றும் இலவசம்.

சரி, எந்த ஊசி? ஊசி கழற்ற முடியாத இன்சுலின் சிரிஞ்சில், மருந்தைத் தள்ளிய பிறகு உள்ளே தங்கும் இரத்தம் மிகக் குறைவு. கழற்றி மாட்டும் சாதாரண சிரிஞ்சில் கூடுதலாகத் தங்கும். இரத்தம் குறைவாகத் தங்கும் வகையைக் கொடுக்கும்படி உலக சுகாதார அமைப்பு சொல்வது இதனால்தான். எதுவானாலும் ஒருவருக்கு ஒன்று, ஒரு தடவைக்கு ஒன்று. ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் சிரிஞ்சுக்குள் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஊசியில் கவனமாக இருக்கிற பெடியள்கூடக் கரண்டி, பஞ்சு, தண்ணீர் மூன்றையும் பொதுவில் வைத்துக்கொள்வதுண்டு. தொற்றுவதற்கு அதுவே போதும். தூளைக் கரைக்கத் தேசிக்காய்ச் சாறு விடுவது இன்னொரு ஆபத்து: சாற்றில் வளரும் பூஞ்சை இரத்தத்தில் கலந்து கண்வரை போகும், பார்வையே பறிபோகலாம்.

எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போகலாம். வேறு வைத்தியரின் கடிதம் தேவையில்லை. விபரங்களை இரகசியமாக வைத்திருப்பார்கள். பெயரைப் பார்த்துக் கூச்சப்பட்டுத் திரும்பிவிட வேண்டாம், ஊசியால் தொற்றுவதையும் அங்கேதான் பார்க்கிறார்கள். எச்.ஐ.வி. இருந்தால் மாத்திரைகளும் இலவசம்.

விட நினைப்பவர்கள் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு அழைக்கலாம். சபையின் சிகிச்சை நிலையங்கள் கொழும்பு, காலி, கண்டிப் பக்கம் இருப்பதால் நமக்குத் தூரம்தான். கிட்ட என்றால் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் கேட்டுப் பார்க்கலாம். 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டப்படி சிகிச்சைக்கு இரண்டு வழி உண்டு: தானாகப் போவது, நீதவான் உத்தரவில் அனுப்பப்படுவது. முதலாவதே நல்லது என்பேன்.

யாராவது மூச்சுக் குறைந்து, உதடு நீலமாகி, தட்டியும் எழும்பாவிட்டால் உடனே 1990 அம்புலன்ஸ். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். தனியே விட்டுப் போகாதீர்கள். என்ன ஏற்றினார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அளவு மீறியவரின் மூச்சை மீட்கக் கொடுக்கும் நலொக்சோன் மருந்து ஹெரோயின் வகைக்குத்தான் வேலை செய்யும், ஐஸ் எனும் மெதம்பெட்டமினுக்குச் செய்யாது.