பத்து மீட்டர் தள்ளி ஒரு ரப்பர் பெட்டி

மாமாவின் பாக்கியில் பின்விளக்கு உடைந்த பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. (வெளியூர்க்காரர்களுக்காக: தென்னாப்பிரிக்காவில் பாக்கி என்றால் பிக்கப் வண்டி. மாமாவுக்கு மற்ற பாக்கியும் உண்டு, அது வேறு கதை.) டொங்காட்டில் கரும்புத் தோட்டத்தை ஒட்டிய அவர் வீட்டுப் பின்பக்கம், பழைய டிரெய்லரிலிருந்து கழற்றிய இரும்புத் தகடு ஒன்றை மண்மேட்டுக்கு முன்னால் நேராக நிறுத்தி, அதில் காகித இலக்கை ஒட்டி, பத்து மீட்டர் தள்ளி நின்று ஏர் ரைபிளால், அதாவது காற்றுத் துப்பாக்கியால், சுட்டுக்கொண்டிருந்தோம். முப்பது பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) வரை ஒன்றும் ஆகவில்லை. அடுத்தது டங் என்று தகட்டில் பட்டது, கிளிங் என்று எங்களுக்கு இடப்பக்கம் நின்ற வண்டி விளக்கில் முடிந்தது. "கண்ணுல பட்டிருந்தா என்னடா பண்ணுவீங்க?" என்று அத்தை கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு பெல்லட்டைப் பிடித்து நிறுத்த, ரப்பர்த் துண்டு நிரப்பிய பெட்டி ஒன்று செய்தோம். அந்தப் பெட்டியின் கதைதான் இது.

கணக்கைப் பார்த்தால் அத்தை கேட்டதில் நியாயம் இருக்கிறது. 4.5 மி.மீ. ஈயப் பெல்லட் ஒன்றின் எடை சுமார் 0.54 கிராம். ஸ்பிரிங்கால் காற்றை அழுத்திச் சுடும் நல்ல ரைபிள் அதை நொடிக்கு 240 மீட்டர் வேகத்தில் தள்ளும். அப்போது அதில் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 16 ஜூல், அதாவது ஒரு கிலோ அரிசிப் பை ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேலிருந்து காலில் விழுகிற அளவு. பை விழுந்தால் பாதம் முழுக்கத் தாங்கும், பெல்லட்டோ அதே ஆற்றலை மிளகு அளவு இடத்தில் இறக்குகிறது.

நிறுத்துகிற பொருள் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஆனால் ஆற்றலை வாங்கிக்கொள்ளத் தூரம் வேண்டும். இரும்பில் மோதும் பெல்லட் தன் நீளம் நசுங்குவதற்குள், அதாவது 6 மில்லிமீட்டருக்குள், நின்றாக வேண்டும். 16 ஜூலை 6 மில்லிமீட்டரால் வகுத்தால் சராசரி விசை 2,700 நியூட்டனுக்குப் பக்கத்தில் வரும், கிட்டத்தட்ட 270 கிலோ பாரம். அதே பெல்லட் ரப்பர்த் துண்டுகளுக்குள் 5 சென்டிமீட்டர் போய் நின்றால் 320 நியூட்டன், 33 கிலோ பாரம், அவ்வளவுதான். கிரிக்கெட் பந்தைக் கையைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறோமே, அதே வித்தை.

இரும்பில் இன்னொரு சிக்கல். ஈயம் கண்ணாடியில் பட்ட ஒளி மாதிரி பட்ட கோணத்திலேயே திரும்பாது. தகட்டை நோக்கிப் போகும் வேகம் நசுங்குவதில் செலவாகிவிடும், மிச்சம் தகட்டை ஒட்டியே தெறிக்கும். ஈரமண்ணைச் சுவரில் அடித்தால் எப்படி நாலாபக்கமும் பரவுகிறதோ அப்படி. அதனால் தகட்டை மேல்விளிம்பு நம்மை நோக்கி வரும்படி 45 டிகிரி சாய்த்து ஒரு பெட்டிக்குள் வைத்தால் துணுக்குகள் கீழே மணல் தட்டில் போய் விழும். வழுவழுப்பான தகட்டுக்கு இது சரி. எங்கள் தகட்டிலோ துருக்குழிகளும், நடுவில் விரல் தடிமனுக்கு வெல்டிங் பற்று ஒன்றும் இருந்தன. தகட்டை ஒட்டி ஓடிய ஈயம் அந்தப் பற்றில் ஏறித் திசை மாறியிருக்கிறது. பற்றின் ஓரத்தில் வெள்ளிக் கோடு மாதிரி ஈயம் பூசியிருந்ததைத் தடவிப் பார்த்தபோதுதான் விளங்கியது. எஃகு பிபி குண்டுகளை (சின்ன எஃகு உருண்டைகள்) இரும்பு மேல் சுடவே கூடாது. அவை நசுங்காது, பந்து மாதிரி நேராகத் திரும்பி வரும்.

சரி, எங்கள் ரப்பர் பெட்டிக்கு வருவோம். 18 மி.மீ. பிளைவுட்டில் 40 சென்டிமீட்டர் சதுரம், 20 சென்டிமீட்டர் ஆழம். பின்சுவரில் 3 மி.மீ. இரும்புத் தகடு, அது கடைசிக் காவல் மட்டுமே. முன்பக்கம் தடித்த அட்டை, உள்ளே பழைய டயரை நறுக்கிய துண்டுகள். டயருக்குள் எஃகுக் கம்பி இருக்கும், அதில் பட்டால் பெல்லட் எங்கே போகும் என்று சொல்ல முடியாது, ஆகவே ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து காந்தத்தால் துழாவித் துழாவிக் கம்பியைப் பொறுக்கினோம். முன்சட்டத்தில் ஆணித்தலை, ஸ்க்ரூத்தலை எதுவும் வெளியே தெரியக்கூடாது. குலுங்கக் குலுங்க ரப்பர் கீழே படிந்து மேலே நான்கு விரல் காலியாகிவிடும். மூடியைத் திறந்து நிரப்பாவிட்டால் உயரமாகப் போன பெல்லட் நேரே தகட்டில்தான் மோதும். ஒரே இடத்தில் சுட்டுக்கொண்டே இருந்தாலும் அங்கே ரப்பர் விலகிப் பொந்து விழும். வாரம் ஒருமுறை பெட்டியை நன்றாக உலுக்குங்கள்.

பெட்டிக்குப் பின்னால் மண்மேடு அப்படியே இருக்கிறது. தவறிய பெல்லட் சில நூறு மீட்டர் பறக்கும், கரும்புக்குள் ஆள் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்பது அத்தையின் சட்டம். அரசாங்கச் சட்டமும் உண்டு: 4.5 மி.மீ. ஏர் ரைபிளுக்கு இங்கே லைசென்ஸ் வேண்டாம், ஆனாலும் 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டப்படி ஊருக்குள் தக்க காரணமில்லாமல் சுடுவது குற்றம். டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அங்கே எனக்கு எந்தப் பெட்டியும் உதவாது.

ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியைத் திறக்கும்போது தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்துவிட்டு, கையுறையோடு அள்ள வேண்டும், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கடலில் தூண்டில் போடுகிற மாமா அதை உருக்கித் தூண்டில் ஈயம் வார்க்கலாமே என்று அடுப்பங்கரைப் பக்கம் நகர்ந்தார். ஈயப்புகை மூளை வளரும் பிள்ளைகளுக்கு விஷம். பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடு. அள்ளிய ஈயம் ஒரு டப்பாவில் இப்போது பழைய இரும்புக் கடைக்குப் போகக் காத்திருக்கிறது.

அந்த ஈயத்தை மாமாவின் மீன் தராசில் போட்டுப் பார்த்தோம். 500 பெல்லட் சுட்டால் 270 கிராம் இருக்க வேண்டும், 263தான் வந்தது. குறைகிற 7 கிராமுக்குக் கணக்குப் போட்டால் பதின்மூன்று பெல்லட். டார்ச் அடித்துத் தேடியதில் முன்சட்டத்து மரத்தில் பதினொன்று புதைந்திருந்தன, எல்லாம் இடது ஓரத்தில். அது மாமா சுடுகிற பக்கம். மீதி இரண்டை மண்மேட்டில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.