கூடத்து ரெட் ஆக்சைடு தரை ரெண்டர்ல ஏன் செத்துப் போகுது?

மயிலாடுதுறைலேருந்து சிவில் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருந்தாரு. தாத்தா வீட்டை பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல கட்டிட்டாராம், திண்ணை, ரேழி, முற்றம், கூடம்னு எல்லாம் அளவு பிசகாம வந்துருச்சாம், ஆனா கூடத்து ரெட் ஆக்சைடு தரையை போட்டோ எடுத்து ஒட்டினா மட்டும் ரெண்டர்ல, அதாவது கம்ப்யூட்டர் வரைஞ்சு குடுக்குற படத்துல, பிளெக்ஸ் பேனர் விரிச்ச மாதிரி இருக்காம். நல்ல மெட்டீரியல், அதாவது 3டி பரப்புக்கு நிறமும் பளபளப்பும் குடுக்குற ஃபைல், எங்க கிடைக்கும்னு கேக்குறாரு.

எங்க கிடைக்கும்ங்கிறதுக்கு பதில் சின்னதுதான். பாலி ஹேவன், ஆம்பியன்ட்சிஜின்னு ரெண்டு வெப்சைட், ரெண்டுலயும் எந்த உரிமையும் கேக்காத சிசி0 லைசென்ஸ்ல இலவசமா அள்ளலாம், காசு வாங்குற ப்ராஜெக்டுக்கும் போடலாம். கருங்கல், செங்கல், மரம் எல்லாம் இருக்கு. நம்ம தரைக்கு, கிட்டத்தட்ட வர்ற ஒரு சிமெண்ட்டை எடுத்து நாமதான் மாத்திக்கணும், அதுக்கு அந்த தரை வெளிச்சத்தை என்ன பண்ணுதுன்னு தெரியணும்.

மெழுகு போட்டு தேய்ச்ச தரையில நின்னு காலடிய பாருங்க, வெறும் சிவப்பு. அப்படியே தலையைத் தூக்கி கூடத்துக் கோடியை பாருங்க, முற்றத்து வானம் தரையில வெள்ளையா கெடக்கும், தூண் தலைகீழா நிக்கும். ஒரே தரை, பாக்குற கோணம்தான் வேற. இதை 1820கள்லயே கணக்கா எழுதி வச்சவரு பிரான்ஸ் நாட்டு ஃபிரெனெல். தரையோட ஒளிவிலகல் எண், அதாவது வெளிச்சம் உள்ள நுழையும்போது எவ்வளவு வளையுதுங்கிற அளவு, 1.5ன்னு வச்சுக்கிட்டா, நேர் கீழ பாக்கும்போது விழுற வெளிச்சத்துல 4 சதவீதம்தான் மேற்பரப்புலேயே பிரதிபலிக்கும். 60 டிகிரி சாய்ஞ்சாலும் 9 தான். ஆனா 80 டிகிரியில 39, 85ல 61! கடைசி கொஞ்ச டிகிரியிலதான் எல்லா வித்தையும் நடக்குது, எனக்கு இதை எத்தனை தடவை பாத்தாலும் அலுக்கல.

இன்னும் ஒண்ணு, அந்தப் பிரதிபலிப்பு சிவப்பா இருக்காது. ஏன்னா அது தரைக்குள்ளயே போகல. உள்ள போன மிச்ச வெளிச்சம்தான் இரும்பு ஆக்சைடு துகள்ல மாட்டி, நீலத்தையும் பச்சையையும் இழந்துட்டு சிவப்பா வெளிய வருது. ஆக ஒரு தரைலேருந்து ரெண்டு விதமான வெளிச்சம் கண்ணுக்கு வருது. அதே கூடத்துல நிக்கிற நாச்சியார்கோவில் குத்துவிளக்குல பாத்தா ஜன்னல் வெளிச்சமே மஞ்சளாத்தான் திரும்பும், உலோகத்துக்குள்ள வெளிச்சம் ஆழமா போக முடியாது, எலக்ட்ரான்கள் மேலயே திருப்பி அனுப்பிடும், நீலத்தை மட்டும் கொஞ்சம் விழுங்கிடும். அதனாலதான் சாஃப்ட்வேர்ல உலோகமா இல்லையான்னு கேக்குற மெட்டாலிக்ங்கிற இடத்துல விளக்குக்கு 1, தரைக்கு 0, நடுவுல ஒரு நம்பர் வேணாம்.

இப்ப தம்பியோட போட்டோ. அதுல அந்த ரெண்டு வெளிச்சமும் கலந்து ஒட்டிக்கிச்சு, எடுத்த அன்னிக்கு விழுந்த ஜன்னல் வெளிச்சம் பெயிண்டா மாறிடுச்சு, இனி கேமரா எங்க போனாலும் அது அங்கயே நிக்கும். பிரிக்கிறதுக்கு வழி இருக்கு. லைட்டுக்கு முன்னாடி ஒரு போலரைசர், அதாவது ஒரே திசையில அதிர்ற வெளிச்சத்தை மட்டும் விடுற ஃபில்டர், லென்ஸுல இன்னொண்ணு, ரெண்டையும் குறுக்கா திருப்புங்க. மேற்பரப்புல பட்டு திரும்புற வெளிச்சம் அந்த அதிர்ற திசையை (போலரைசேஷன்) விடாம வச்சிருக்கும், அதனால அடைபட்டுடும். உள்ள போய் சிதறி வர்றது அதை இழந்துடும், அதனால தப்பி வந்துடும். கெடைக்கிறது சுத்தமான சிவப்பு மட்டும். ஃபில்டர் இல்லைன்னா ஐப்பசி மூடாப்புல, தரைக்கு நேர் மேலேருந்து, ஃபிளாஷ் இல்லாம, எக்ஸ்போஷரை லாக் பண்ணி எடுங்க, ஓரளவு தேறும்.

பளபளப்பை ரஃப்னெஸ் மேப்புல தனியா குடுக்கணும், அது எந்த இடம் எவ்வளவு சொரசொரப்புன்னு சொல்ற படம், 0ன்னா கண்ணாடி, 1ன்னா முழு மங்கல். ரேழிலேருந்து கூடத்துக்கு கால் நடந்து நடந்து வழவழன்னு ஆன பாதைக்கு 0.15, சுவரோரத்து மங்கலுக்கு 0.4னு நான் ஆரம்பிப்பேன். இந்த வித்தியாசம் இல்லைன்னா அது ஆள் பொழங்கின வீடாவே தெரியாது.

தஞ்சாவூர் பக்கம் இந்த தரைகளை உடைச்சு டைல்ஸ் போட்டுக்கிட்டே இருக்காங்க. கல்வெட்டைப் படியெடுக்க பணம் ஒதுக்குற நாட்டுல இந்த தரைகளை இப்படி படம் எடுத்து வைக்கவும் ஒதுக்கணும்னுதான் நான் சொல்லுவேன், ஒரு கேமரா, ரெண்டு ஃபில்டர், ரெண்டு மாணவருக்கு உதவித்தொகை, அவ்வளவுதான் செலவு, அளந்ததை எல்லாருக்கும் இலவசமா விட்டுடலாம்.

தம்பி, ரஃப்னெஸ் மேப், மேடு பள்ளத்தைச் சொல்ற நார்மல் மேப் ரெண்டையும் பிளெண்டர்ல நான்-கலர்னு (நிறம் இல்ல, வெறும் நம்பர்னு) மாத்திட்டீங்களான்னு பாருங்க, சாதாரண போட்டோவுக்கான எஸ்ஆர்ஜிபியில விட்டா 0.5ங்கிறது 0.21 ஆயிடும், மங்கலான தரை கண்ணாடி ஆயிடும். சுண்ணாம்புச் சுவருக்கும் 1.0 வெள்ளை, அதாவது விழுற வெளிச்சம் முழுசையும் திருப்புற வெள்ளை, வைக்காதீங்க, 0.8 போதும், இல்லைன்னா வெளிச்சம் கூடத்துக்குள்ள குறையாம சுத்திக்கிட்டே இருந்து நிழல் எல்லாம் வெளுத்துடும்.